டி.என்.ஏ.யிற் புகும் போலி எழுத்துகள்: மடுல்சீமைத் தேயிலையை முன்வைத்து ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

பதுளை மாவட்டத்திலே பசறைக்கு அப்பால் அமைந்துள்ள மடுல்சீமை, இலங்கைப் பெருந்தோட்ட வரலாற்றிலும் தாவர நோயியல் வரலாற்றிலும் ஒருங்கே இடம்பெறும் ஊராகும். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொட்டுகளாகத் தோன்றிய நோயொன்று முதன்முதலிற் கவனிக்கப்பட்டது இப்பகுதித் தோட்டத்திலேயே. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சு அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த ஆங்கிலப் பங்கசு ஆய்வாளர் பார்க்கிலி, அந்நோயை விளைவிக்கும் பங்கசுக்கு எமிலேயா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டார். இரு பத்தாண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் பெரும்பாலும் அழிந்தொழிய, அதே மலைச்சரிவுகளில் தேயிலை வேரூன்றியது. கோப்பிக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளர் மரபே தேயிலைக் கொழுந்தையும் பறிக்கலாயிற்று.

பயிர் மாறியது, ஆயின் அப்பயிருக்குச் சந்தையிலே மதிப்பளித்த பொருள்களுள் ஒன்று மாறவில்லை. கோப்பி வித்திலும் தேயிலைக் கொழுந்திலும் இருந்து மனிதனின் உறக்கத்தைக் கலைப்பது கபீன் என்னும் ஒரே மூலக்கூறுதான். உலர்ந்த தேயிலையின் நிறையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இது காணப்படுகின்றது. பியூரின் என்னும் வளையத்தைச் சட்டகமாகக் கொண்ட மூலக்கூறு இது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் இரண்டாகிய அடினினும் குவானினும் இதே சட்டகத்தின்மேல் எழுந்தவையே. எனவே நாள்தோறும் கோடிக்கணக்கானோர் அருந்தும் தேநீரில், பரம்பரை எழுத்துகளின் நெருங்கிய உறவுமுறைப் பொருளொன்று உள்ளது எனலாம்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. எழுத்தை இவ்வளவு ஒத்திருக்கும் கபீன் எமது டி.என்.ஏ.யில் ஏன் எழுதப்படுவதில்லை? அதேவேளை, குவானினிலிருந்தும் தைமினிலிருந்தும் சிறிதளவே வேறுபடுத்தி ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட சில மூலக்கூறுகள் மட்டும் டி.என்.ஏ.யிற் புகுந்து, வைரசின் பெருக்கத்தையும் புற்றுநோய்க் கலத்தின் பிரிவையும் எவ்வாறு தடுக்கின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதை விளக்குவதும், அவ்விடையின் பயன் மடுல்சீமை போன்ற மலையக ஊர் ஒன்றின் மக்களைச் சென்றடைவதற்கு இரசாயனம் மட்டும் போதாது என்பதை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2. எழுத்தும் இணையும்

டி.என்.ஏ.யின் ஒவ்வோர் அலகும் மூன்று பகுதிகளாலானது. முதலாவது, எழுத்தின் வேறுபாட்டைத் தரும் மூலம். அது அடினின், குவானின், சைற்றோசின், தைமின் ஆகிய நான்கினுள் ஒன்றாகும். இரண்டாவது, டிஒட்சிறைபோசு என்னும் ஐங்காபன் சர்க்கரை. மூன்றாவது, பொசுபேற்று. மூலமும் சர்க்கரையும் மட்டும் இணைந்த நிலையை நியூக்கிளியோசைட்டு என்றும், அதனுடன் பொசுபேற்றும் சேர்ந்த நிலையை நியூக்கிளியோரைட்டு என்றும் வழங்குவர்.

1953இல் உவாற்சனும் கிறிக்கும் முன்வைத்த இரட்டைச் சுருளி அமைப்பில், ஓர் இழையின் அடினின் மறு இழையின் தைமினுடன் 2 ஐதரசன் பிணைப்புகளாலும், குவானின் சைற்றோசினுடன் 3 ஐதரசன் பிணைப்புகளாலும் இணைகின்றது. ஒன்று ஐதரசனைக் கொடுக்குமிடத்தில் மற்றொன்று அதனை ஏற்கின்றது. எண்ணிக்கையைப் போலவே வடிவமும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பெரிய வளையமுடைய பியூரின் எப்பொழுதும் சிறிய வளையமுடைய பிரிமிடினுடனேயே சேர்வதால், எவ்விணையை எடுத்துக்கொண்டாலும் ஒரு சர்க்கரையிலிருந்து எதிர்ச் சர்க்கரைக்குள்ள தூரம் ஏறத்தாழ மாறாதிருக்கின்றது. ஏணியின் படிகள் யாவும் ஒரே நீளமுடையனவாயிருத்தல் போன்றது இது.

கலம் பிரியுமுன் இவ்வேணி நடுவே பிரிந்து, ஒவ்வோர் இழையும் புதிய இழையொன்றிற்கு மூலப்படியாகின்றது. இப்படியெடுக்கும் பணியைச் செய்வது டி.என்.ஏ. பொலிமரேசு என்னும் நொதியம்; அதனை 1956இல் ஆதர் கோண்பேக் பற்றீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவோனை இந்நொதியத்திற்கு ஒப்பிடலாம். மூல ஏட்டில் அடினின் இருப்பின் தைமினையும், குவானின் இருப்பின் சைற்றோசினையும் எடுத்துவைத்து எழுதிக்கொண்டு செல்கின்றது. எழுதியபின் பிழையிருப்பின் ஓரெழுத்துப் பின்வாங்கி அதனை அழித்துத் திருத்தும் ஆற்றலும் இத்தகைய நொதியங்கள் பலவற்றுக்கு உண்டு.

3. மூன்று வாயில்கள்

இயற்கை நியூக்கிளியோசைட்டினைச் சிறிது மாற்றியமைத்த மூலக்கூறினை மாற்றுரு என்போம். அத்தகைய ஒன்று டி.என்.ஏ.யில் இடம்பெற வேண்டுமாயின் அது மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது பொசுபேற்று வாயில். பொலிமரேசு நொதியம் வெறும் மூலத்தையோ நியூக்கிளியோசைட்டையோ எடுத்தாள்வதில்லை. மூன்று பொசுபேற்றுகள் கோத்த நிலையிலேயே அதனை ஏற்கின்றது. அவற்றுள் இரண்டு கழன்று செல்லும்போது வெளிப்படும் சக்தியே புதிய பிணைப்பை உண்டாக்குகின்றது. ஆகவே மாற்றுரு முதலிற் சர்க்கரையைப் பெற்றிருத்தல் வேண்டும். பின்னர் கைனேசு எனப்படும் நொதியங்கள் அதற்குப் படிப்படியாக மூன்று பொசுபேற்றுகளை ஏற்றுதல் வேண்டும்.

இரண்டாவது இணை வாயில். பொலிமரேசின் உட்குழிவினுள் எதிரெழுத்துடன் சேர்ந்து, சரியான இணையின் வடிவத்தை மாற்றுரு பெறவேண்டும்.

மூன்றாவது தொடர் வாயில். சர்க்கரையின் மூன்றாம் இலக்கக் காபனில் உள்ள ஐதரொட்சில் கூட்டத்திலேயே அடுத்த அலகின் பொசுபேற்று வந்து பிணைகின்றது. தமிழிலக்கிய மாணவருக்கு இதனை அந்தாதியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் தொடக்கமாவது அந்தாதி. முன்னைய செய்யுளுடன் பொருந்தத் தொடங்கி, தன் ஈற்றில் அடுத்ததற்கு இடந்தராத செய்யுள் ஒன்று நடுவே வைக்கப்படின் மாலை அவ்விடத்திலேயே நின்றுவிடும். மூன்றாம் காபனில் ஐதரொட்சில் அற்ற மாற்றுரு செய்வதும் இதுவே.

ஒரு மாற்றுரு எவ்வாயிலில் நிற்கின்றது, எதனைக் கடக்கின்றது என்பதைக் கொண்டே அது தீங்கற்ற பானப்பொருளாகவோ, விகாரத்தை விளைவிக்கும் நஞ்சாகவோ, மருந்தாகவோ அமைகின்றது. இனி இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

4. முதல் வாயிலில் நிற்கும் கபீன்

தேயிலைச் செடி கபீனை ஆக்கும் முறை எமது வினாவுக்கு நேரான விடையைத் தருகின்றது. செடி தொடங்குவது சந்தோசின் என்னும் நியூக்கிளியோசைட்டிலிருந்தேயாம். இதிலே பியூரின் வளையமும் றைபோசுச் சர்க்கரையும் உள்ளன. முதலில் வளையத்தின் ஏழாம் இலக்க நைதரசனில் ஒரு மெதைல் கூட்டம் ஏற்றப்படுகின்றது. அடுத்த படியிற் சர்க்கரை நீக்கப்படுகின்றது. பின்னர் மூன்றாம், முதலாம் இலக்க நைதரசன்களில் மேலும் இரு மெதைல் கூட்டங்கள் ஏற, தியோபுரோமீன் வழியாகக் கபீன் உருவாகின்றது. அதாவது, நியூக்கிளியோசைட்டாகப் பிறந்த ஒன்றினைச் செடியே சர்க்கரை களைந்து எழுத்துரிமையிலிருந்து விலக்கிவிடுகின்றது.

கபீனை மீண்டும் சர்க்கரையுடன் சேர்க்கும் நொதியம் எமது கலங்களில் இல்லை. எனவே அது முதல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. ஒருவேளை அதனைக் கடந்ததாகக் கொண்டாலும், இரண்டாம் வாயில் அதற்கு மூடியே இருக்கும். குவானின் தன் முதலாம் இலக்க நைதரசனிலுள்ள ஐதரசனைச் சைற்றோசினுக்குக் கொடுத்து இணைகின்றது. கபீனிலோ அவ்விடத்தை மெதைல் கூட்டம் அடைத்து நிற்கின்றது. கொடுப்பதற்கு ஐதரசன் அங்கு இல்லை. ஈற்றில் ஈரலிலுள்ள நொதியங்கள் இம்மெதைல் கூட்டங்களை ஒவ்வொன்றாகக் களைய, எஞ்சுவது சிறுநீருடன் வெளியேறுகின்றது. தேநீர் அருந்துவதால் பரம்பரை எழுத்து மாறுமோ என அஞ்சுவோர்க்கு இரசாயனம் தரும் விடை இதுவாகும்.

ஆயினும் கபீன் யாரையும் ஏமாற்றுவதில்லை எனக் கொள்ளல் ஆகாது. அடினினும் றைபோசும் சேர்ந்த அடினோசின் என்னும் நியூக்கிளியோசைட்டு, விழித்திருக்கும் நேரத்தில் மூளையிற் சேர்ந்து, தனக்குரிய வாங்கிகளிற் பொருந்திச் சோர்வையும் உறக்கத்தையும் வருவிக்கின்றது. கபீன் தன் பியூரின் வடிவத்தால் அவ்வாங்கிகளில் அமர்ந்துகொண்டு, அவற்றைத் தூண்டாமலும் அடினோசினுக்கு இடங்கொடாமலும் இருந்துவிடுகின்றது. வாங்கி வடிவத்தை மட்டும் நோக்கி ஏமாறுகின்றது. பொலிமரேசோ சர்க்கரை, பொசுபேற்று, இணை என யாவற்றையும் வினவுகின்றது. ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் வென்று பிறிதோரிடத்தில் தோற்பதன் காரணம் இவ்வேறுபாடே.

2014இல் கோப்பியின் மரபுத்தொகுதியும் 2017இல் தேயிலையின் மரபுத்தொகுதியும் வெளியிடப்பட்டபோது, கபீனை ஆக்கும் நொதியங்கள் இவ்விரு தாவர மரபுகளிலும் ஒன்றிலிருந்து மற்றொன்று பெறாமல் தனித்தனியே கூர்ப்படைந்தமை தெளிவாயிற்று. கோப்பி அழிந்த மடுல்சீமைச் சரிவிலே நடப்பட்ட தேயிலை, தனக்கேயுரிய வழியால் அதே மூலக்கூறை அடைந்திருந்த செடியாகும்.

5. இணை வாயில்: பிணைப்பா, வடிவமா?

கபீனுக்கு மாறாக, முதல் வாயிலை எளிதிற் கடந்து இரண்டாவதில் ஐயத்தை விளைவிப்பது புரோமோயுராசில் ஆகும். தைமின் மூலத்தின் ஐந்தாம் இலக்கக் காபனில் ஒரு மெதைல் கூட்டம் உண்டு. அதனை நீக்கி அவ்விடத்திற் புரோமீன் அணுவை வைப்பின் புரோமோயுராசில் கிடைக்கும். மெதைல் கூட்டமும் புரோமீனும் பருமனில் ஏறத்தாழ ஒத்திருப்பதால், கலம் இதனைத் தைமினாகவே கொண்டு அடினினுக்கு எதிரே எழுதிவிடுகின்றது. ஆனால் புரோமீன் இலத்திரன்களைத் தன்பால் ஈர்ப்பதனால், மூலம் தன் ஐதரசனை இடம்மாற்றியோ இழந்தோ வேறு நிலைக்குச் செல்லும் வாய்ப்பு மிகுகின்றது. அந்நிலையில் அது அடினினை விடுத்துக் குவானினுடன் இணைகின்றது. அடுத்தடுத்துப் படியெடுக்கும்போது அடினின்–தைமின் இணை இருந்த இடத்தில் குவானின்–சைற்றோசின் இணை வந்து அமைந்துவிடும். இதன் மறுதலையும் நிகழும். இதுவே விகாரம்.

எமது பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் இத்தகைய இடர்ப்பாட்டை நன்கறிவர். ஓலையிற் புள்ளி இடப்படுவதில்லை. ரகரத்திற்கும் ஆகாரத்தைக் குறிக்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ஒருவகையில் எழுதப்பட்டதனை இன்னொரு வகையிற் படித்துப் படியெடுத்தோரால் பாடபேதங்கள் பெருகின. புரோமோயுராசிலும் இருவகையாகப் படிக்கத்தக்க ஓர் எழுத்தே. 1950களின் பிற்பகுதியில் விகாரங்களின் தன்மையை ஆய்வோர் இதனைக் கருவியாகக் கொண்டனர்.

இனி, பொலிமரேசு சரியான எழுத்தைத் தெரிவது எதனைக் கொண்டு என்னும் வினா எஞ்சுகின்றது. ஐதரசன் பிணைப்பே காரணம் எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. எனினும், நீர்க்கரைசலிற் சரியான இணைக்கும் பிழையான இணைக்கும் இடையேயுள்ள சக்தி வேறுபாடு சிறிதே. பொலிமரேசோ, பின்வாங்கித் திருத்தும் பணியைக் கணக்கில் எடாமலே, பல்லாயிரம் எழுத்துகளுக்கு ஒன்று என்னும் அளவிலேயே தவறுகின்றது. இம்முரண்பாட்டைச் சோதிக்க, 1997இல் எரிக் கூலும் அவருடன் பணியாற்றியோரும் தைமினின் வடிவத்தை ஒத்த இருபுளோரோதொலுயீன் என்னும் மூலக்கூறினைத் தேர்ந்தனர். தைமினில் ஒட்சிசன் அணுக்கள் உள்ள இடங்களில் இதிற் புளோரீன் அணுக்கள் உள்ளன. வடிவம் ஏறத்தாழ அதுவே. ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்தும் ஆற்றலோ மிகக் குறைவு. ஆயினும் பொலிமரேசு இதற்கு எதிரே அடினினையே தேர்ந்து, திறம்பட எழுதிச்சென்றது.

இதனால் ஐதரசன் பிணைப்பு பயனற்றது என்பது பெறப்படாது. இரட்டைச் சுருளியின் உறுதிக்கு அது இன்றியமையாதது. ஆனால் எழுதும் வேளையில், நொதியத்தின் உட்குழிவு சரியான இணையின் புறவடிவத்திற்கே இடந்தருகின்றது. வடிவம் பிசகியவிடத்து நொதியம் மூடிக்கொள்வதில்லை, வினையும் நிகழ்வதில்லை. மாற்றுருக்களை மருந்தாக வகுப்போர்க்கு இவ்வுண்மை பெருந்துணையாகும். மூலத்தின் இணை விளிம்பைக் குலைக்காது சர்க்கரையில் மாற்றஞ் செய்யின், போலி எழுத்து இரண்டாம் வாயிலைக் கடந்துவிடும்.

6. தொடரை நிறுத்தும் எழுத்துகள்

லயக் காம்பறாக்களில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டால் அது அண்டைச் சுவர்களைக் கடந்து விரைவிற் பரவுவதை மலையகத்தார் யாவரும் அறிவர். அம்மனின் வருகையாக இதனைக் கொண்டு, வேப்பிலை கட்டி, தூய்மை பேணி, நோயாளியைத் தனியே வைத்திருத்தல் மரபு. தனிமைப்படுத்தும் அவ்வழக்கத்தின் பயன் மறுக்கற்பாலதன்று. சிறு பிள்ளைகளிற் பெரும்பாலும் தானே தணியும் இந்நோய், வளர்ந்தோர்க்கும் கருவுற்ற தாய்மாருக்கும் நுரையீரலைத் தாக்கி உயிருக்கு ஊறு விளைவிக்கவல்லது. அத்தகையோர்க்குத் தரப்படும் அசைக்குளோவிர், மூன்று வாயில்களின் இயல்பையும் ஒருங்கே விளக்கும் மருந்தாகும்.

அசைக்குளோவிரில் உள்ள மூலம் குவானினே. அதில் எம்மாற்றமும் இல்லை. சர்க்கரை வளையத்திற்குப் பதிலாகத் திறந்த சிறு சங்கிலியொன்று உள்ளது. எமது கலத்தின் கைனேசுகள் இதனை ஏறத்தாழப் பொருட்படுத்துவதில்லை. கொப்புளிப்பானையும் அக்கியையும் விளைவிக்கும் வைரசுகளோ தமக்கெனத் தைமிடின் கைனேசு என்னும் நொதியத்தை ஆக்குகின்றன. தெரிவிற் கண்டிப்புக் குறைந்த அந்நொதியம் அசைக்குளோவிருக்கு முதற் பொசுபேற்றை ஏற்றிவிடுகின்றது. எஞ்சிய இரண்டினையும் எமது நொதியங்கள் ஏற்றுகின்றன. இவ்வாறு முதல் வாயில் வைரசு புகுந்த கலத்தில் மட்டுமே திறக்கின்றது. பின்னர் வைரசின் பொலிமரேசு சைற்றோசினுக்கு எதிரே இதனைக் குவானினாகக் கருதி எழுதுகின்றது. ஆனால் அடுத்த எழுத்தைக் கோப்பதற்கான ஐதரொட்சில் அங்கில்லை. இழை அவ்விடத்தில் முடிகின்றது. மருந்தின் பயன் வைரசு பெருகும் தொடக்க நாள்களைச் சார்ந்தது. எனவே கொப்புளம் தோன்றிய 24 மணித்தியாலத்துள் அது தொடங்கப்படல் வேண்டும்.

இம்மருந்தின் இயல்பை 1977இல் வெளியிட்ட ஆய்வாளருள் முதன்மையானவர் கேற்றுரூட் எலியன். கலாநிதிப் பட்டம் பெறாமலே ஆய்வுப் பணியில் நிலைத்த இப்பெண்மணி, ஜோர்ஜ் இச்சிங்சு, ஜேம்சு பிளாக் ஆகியோருடன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 1977இலேயே பிறெடெரிக் சாங்கர், மூன்றாம் காபனில் ஐதரொட்சில் அற்ற நியூக்கிளியோரைட்டுகளைக் கலந்து, இழை ஒவ்வோர் எழுத்திலும் முறிந்து நிற்கச் செய்து, டி.என்.ஏ.யைப் படிக்கும் முறையை வெளியிட்டார். ஒருவர் எழுத்தை நிறுத்தி நோயை அடக்கினார். மற்றவர் எழுத்தை நிறுத்தி ஏட்டைப் படித்தார். தத்துவம் ஒன்றே.

எயிட்சு நோய்க்கெதிராக 1987இல் முதன்முதல் அங்கீகாரம் பெற்ற சைடோவுடீனும் இவ்வகையினதே. தைமிடினின் மூன்றாம் காபனில் ஐதரொட்சிலுக்குப் பதிலாக மூன்று நைதரசன் அணுக்களாலான அசைட்டுக் கூட்டம் உள்ளது. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுக்கும்போது, அதன் நொதியம் அடினினுக்கு எதிரே இப்போலித் தைமினை எழுதித் தானே நின்றுவிடுகின்றது. பின்வந்த லமிவுடீனின் சர்க்கரைப் பகுதி, இயற்கைச் சர்க்கரையின் ஆடிப் பிம்பம் போன்றது. எமது பொலிமரேசுகள் பெரிதும் விலக்கும் இவ்வுருவினை வைரசின் நொதியம் ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் வைரசு பெருகும் விரைவில் அதன் நொதியமும் விகாரமடைந்து போலியை இனங்காணக் கற்றுக்கொள்வதால், ஒரு மருந்தைத் தனியே தராது பலவற்றைக் கூட்டித் தருவது இன்றைய வழக்கமாயிற்று.

7. எழுதப்பட்ட பின் விளையும் கேடு

சில மாற்றுருக்கள் மூன்றாம் வாயிலையும் கடக்கின்றன. 1951இல் வேணர் பேர்க்மன் கடற்பஞ்சொன்றிலிருந்து பிரித்தெடுத்து விளக்கிய நியூக்கிளியோசைட்டுகளில் றைபோசுக்குப் பதிலாக அரபினோசுச் சர்க்கரை இருந்தது. அதன் வழியிற் பிறந்த சைற்றராபீன், குருதிப் புற்றுநோய்க்குரிய மருந்தாகும். இதிலே மூன்றாம் காபனின் ஐதரொட்சில் உண்டு. ஆனால் இரண்டாம் காபனின் ஐதரொட்சில் மறுபுறம் திரும்பியிருப்பதால், இது எழுதப்பட்டபின் அடுத்த எழுத்தைக் கோப்பது மிகத் தாமதப்படுகின்றது. விரைந்து பிரியும் புற்றுநோய்க் கலம் இத்தாமதத்தால் மாள்கின்றது.

பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயில் நெடுங்காலம் தரப்படும் மேர்க்கப்தோபியூரினின் வழி இன்னும் நுண்ணியது. எலியனும் இச்சிங்சும் உருவாக்கிய இது 1953இல் வழக்கிற்கு வந்தது. உடலினுள் தயோகுவானின் நியூக்கிளியோரைட்டாக மாறி, குவானினின் இடத்திற் சைற்றோசினுக்கு எதிரே எழுதப்படுகின்றது. தொடர் நிற்பதில்லை. பின்னர் அதன் கந்தக அணுவில் மெதைல் கூட்டம் ஏறும்போது அது தைமினுடன் பிழையாக இணைகின்றது. பிழைதிருத்தும் நொதியங்கள் வந்து, புதிய இழையிலுள்ள தைமினை வெட்டி மீண்டும் எழுத முயல்கின்றன. மூலப்படியிலுள்ள போலி எழுத்து அப்படியே இருப்பதால் திருத்தம் நிறைவேறுவதில்லை. திருத்தவும் இயலாது, விடவும் இயலாது போன கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்கின்றது.

இம்மருந்தைப் பொறுத்து எமது பிராந்தியத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. போலி எழுத்தின் மும்மடிப் பொசுபேற்றை எழுதப்படுமுன்னரே சிதைத்துக் கலத்தைக் காக்கும் நொதியமொன்று எம்மிடம் உள்ளது, என்.யூ.டி.ரீ.15 என்பது அதன் பெயர். அதன் பரம்பரையலகில் ஏற்படும் ஒரு மாற்றம் இக்காவலைத் தளர்த்துகின்றது. ஐரோப்பியரிடையே அரிதான அம்மாற்றம் கிழக்காசியரிடையேயும் தென்னாசியரிடையேயும் குறிப்பிடத்தக்க அளவிற் காணப்படுகின்றது என்பது 2014ஆம் ஆண்டை அடுத்த ஆய்வுகளால் வெளியாயிற்று. அத்தகைய பிள்ளைக்கு வழக்கமான அளவு மருந்து தரப்படின் வெண்குருதிக்கலங்கள் அபாயகரமாகக் குறையும். மேனாட்டு நோயாளரைக் கொண்டு வகுத்த அளவு எங்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. குருதிப் பரிசோதனையை ஒழுங்காக நடத்தி அளவைக் குறைத்தும் கூட்டியும் தருவதே உயிர்காக்கும் வழி. தேசியப் புற்றுநோய் வைத்தியசாலையாகிய அபேக்ஷா அமைந்துள்ள மகரகமை, மடுல்சீமையிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. தொடர்ச்சியான பரிசோதனை என்பது நாட்கூலியிற் பிழைக்கும் பெற்றோருக்கு எத்துணைக் கடினம் என்பது விரித்துரைக்க வேண்டாதது.

8. நான்காவது வாயில்

மேற்கூறியவற்றால், மூலக்கூறு கடக்க வேண்டிய வாயில்கள் மூன்று எனக் கண்டோம். அவை மூன்றையும் திறந்த மருந்து, நோயாளியைச் சென்றடைய நான்காவது வாயிலொன்று உண்டு. அது விலையும் வினியோகமும் ஆகும்.

சைடோவுடீனின் வரலாறே இதற்குச் சான்று. இதனை 1964இல் அமெரிக்காவின் டெற்றோயிற்று நகரில் முதலில் ஆக்கிய ஜெரோம் ஓர்விற்சு, அரசின் ஆராய்ச்சி நிதியைக் கொண்டு புற்றுநோய் மருந்து தேடியவர். அவர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. எயிட்சு மருந்தாக இது 1987இற் சந்தைக்கு வந்தபோது ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 10,000 டொலராயிருந்தது. இம்மருந்தைக் கருவுற்ற தாய்மாருக்கும் பிறந்த சிசுவுக்கும் தந்தபோது, சிசுவுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது நூற்றுக்கு 25.5இலிருந்து 8.3 ஆகக் குறைந்ததை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் வறிய நாடுகளின் தாய்மாருக்கு அது நெடுங்காலம் எட்டாக்கனியாயிருந்தது. பொருளுக்கன்றி ஆக்கமுறைக்கு மட்டும் காப்புரிமை வழங்கிய 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த சிப்லா நிறுவனம், 2001இல் மும்மருந்துக் கூட்டினை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அக்கூட்டிலிருந்த மூன்று மருந்துகளுள் இரண்டு, நாம் இங்கு விளக்கிய வகையைச் சேர்ந்த போலி எழுத்துகளேயாம்.

இவ்வாயிலைத் திறக்கும் சிந்தனை எம்மண்ணுக்குப் புதிதன்று. ஊவா வெல்லசைக் குடும்பமொன்றின் மைந்தரான பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் முன்வைத்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயர்களை விடுத்துப் பொதுப் பெயரால் மருந்தை வழங்குதல், தேவையானவற்றை மட்டும் தேர்தல், உலகச் சந்தையிற் கேள்விமனுவால் மொத்தமாக வாங்குதல் என்பன அதன் அடிப்படைகள். நாட்டில் வழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. பிபிலே 1977இல் கயானாவில் ஐக்கிய நாடுகள் பணியிலிருந்தபோது காலமானார். அவரது கொள்கையின் பல கூறுகள் அவ்வாண்டின் ஆட்சிமாற்றத்தின் பின் தளர்த்தப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இலேயே. அப்பட்டியலின் இன்றைய வடிவத்தில் அசைக்குளோவிர், சைடோவுடீன், லமிவுடீன், சைற்றராபீன், மேர்க்கப்தோபியூரின் ஆகிய யாவும் இடம்பெற்றுள்ளன.

இலவச வைத்தியமும் கருவுற்ற தாய்மாரைத் தேடிச்சென்று பரிசோதிக்கும் பணியும் சேர்ந்தால் யாது இயலும் என்பதற்கு 2019 ஒரு சான்றாகும். தாயிடமிருந்து சிசுவுக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டில் உறுதிப்படுத்தியது. இதன் பெருமை மூலக்கூறுக்கு மட்டும் உரியதன்று. மலைப்பாதையேறிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் உரியது. ஆனால் 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டபோது, இவ்வாயில் எவ்வளவு எளிதில் மூடத்தக்கது என்பதையும் கண்டோம். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது பல பத்தாண்டுகளாகப் பகுதி பகுதியாகவே நடந்துவந்துள்ளமையால், தட்டுப்பாட்டின் சுமை மலையகத்தில் இருமடங்காகின்றது. 24 மணித்தியாலத்துள் தொடங்க வேண்டிய மருந்து, பதுளை நகருக்குப் பஸ் ஏறிச்சென்ற பின்னரே கிடைக்குமாயின், அதன் இரசாயனத் திறமை யாருக்குப் பயன்படும்?

9. முடிவுரை

எழுத்தை ஒத்திருத்தல் வேறு, எழுத்தாதல் வேறு. மடுல்சீமைக் கொழுந்திலுள்ள கபீன் பியூரின் வடிவத்தைப் பெற்றும் சர்க்கரையை இழந்ததால் எழுத்தாவதில்லை. புரோமோயுராசில் இருவகையாகப் படிக்கப்பட்டு ஏட்டைப் பிழைபடுத்துகின்றது. அசைக்குளோவிரும் சைடோவுடீனும் எழுத்தாகித் தொடரை முடிக்கின்றன. தயோகுவானின் எழுத்தாகித் திருத்துவோனையே திணறச் செய்கின்றது. இவை யாவும் சில அணுக்களின் இடமாற்றத்தால் விளைபவை.

இவ்வறிவைத் தமிழில் எடுத்துரைப்பது சொல்லாக்கப் பயிற்சிக்காக மட்டும் அன்று. தன் பிள்ளைக்குத் தரப்படும் மாத்திரை யாது செய்கின்றது, அதனை ஏன் நாள்தவறாது தரவேண்டும், குருதியை ஏன் அடிக்கடி சோதிக்க வேண்டும், அது ஏன் கிடைக்கவில்லை என வினவும் உரிமை தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. வினவுவதற்கு மொழி வேண்டும். முதல் மூன்று வாயில்களை ஆய்வுகூடங்கள் திறந்துவிட்டன. நான்காவதைத் திறப்பது, அறிந்து வினவும் மக்களின் பணியாகும். அவர்களுக்கு அவ்வறிவை அவர்தம் மொழியில் தருவது பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும்.